ருசி பார்க்கும் வேலை

டிசம்பர் 1, திங்கள்

இந்த டைரி எனக்குக் கிடைத்த கதையை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் எரிச்சல் அடங்காது. எங்கள் வைனரியின் கிறிஸ்துமஸ் பரிசுப் பெட்டியில் இரண்டு பாட்டில் வைன், ஒரு பிளம் கேக், ஒரு மெழுகுவர்த்தி, ஒரு புது வருட டைரி. டைரி முந்நூறு அச்சடிக்கக் கொடுத்திருந்தோம். இன்று வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தால் அத்தனையும் முடியப்போகிற இந்த வருடத்து டைரி. அச்சகத்துக்காரர் போனில், "மேடம், ஒரு மாசம் மிச்சம் இருக்கே" என்கிறார். கட்டுக்கட்டாகப் பழைய ஆபீஸ் அறையில் அடுக்கச் சொல்லிவிட்டேன். ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு மாதத்தையாவது யாராவது உபயோகிக்கட்டும்.

முதலாளி குமரப்பன் சாரிடம் சொல்லலாம் என்றால் அவர் வைனரிக்குள் வரமாட்டார். கார்த்திகை ஒன்றாம் தேதி சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார். கறுப்பு வேட்டி, வெறுங்கால். விரதம் முடியும்வரை வைன் இருக்கும் இடத்தில் கால் வைக்கக்கூடாதாம். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கம்பெனியை நடத்துகிறார். பெங்களூரிலிருந்து நந்தி மலைப் பக்கம் வருகிற பணக்காரர்களெல்லாம் அவரைக் காவல்காரர் என்று நினைத்துக் கார் சாவியை நீட்டுகிறார்கள். நான் அவரை 'சாமி' என்று கூப்பிட வேண்டும். அவர் என்னை, மலைக்குப் போகிற பெண்களைக் கூப்பிடுவது போல, 'மாளிகைப்புறம்' என்கிறார். நான் கத்தோலிக்கப் பெண் என்பதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அவர் காலையில் செய்துவந்த ருசி பார்க்கும் வேலையும் என் தலையில். விருந்தினருக்கு ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு மிடறு. நனைந்த அட்டை வாசனை வந்தால் கார்க் கெட்டுவிட்டது என்று அர்த்தம். ஜெசிந்தா, நீதான் மேனேஜர், நீதான் எல்லாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டிசம்பர் 3, புதன்

டிசம்பர் சனிக்கிழமைகளில் புல்வெளியில் மாலை நான்கு முதல் ஏழு வரை நேரடி இசை என்று பேனர் கட்டி, பேப்பரில் போட்டு, எல்லாம் ஆயிற்று. இன்று காலை அந்த பேண்ட் பையன்கள் கோவாவில் இருக்கிறார்களாம். ஒரு மெசேஜ், அதில் ஒரு கைகூப்பும் படம், அவ்வளவுதான்.

இதை வேப்பமரத்தடியில் சொல்லிக்கொண்டிருந்தபோதா அப்பா வந்து இறங்க வேண்டும்? லிங்கராஜபுரத்திலிருந்து மூன்று பஸ் மாறி, அவர் வீட்டுக்குப் போனபோது நான் மறந்துவிட்டு வந்த என் பிரஷர் மாத்திரையைக் கொடுக்க வந்தாராம். ஐந்து நிமிடத்தில் முதலாளி அவர் ஜாதகத்தையே வாங்கிவிட்டார். ஓட்டல் பேண்டில் முப்பது வருடம் சாக்ஸபோன் வாசித்தவர், பெயர் சவரிநாதன், வயது எழுபத்துமூன்று.

"ஆண்டவனாப் பார்த்து அனுப்பியிருக்கான் சாமி" என்றார் முதலாளி. "நாலு சனிக்கிழமையும் நீங்கதான்."

"பல் செட்டு கட்டியிருக்கேன் சார். காத்து முன்ன மாதிரி நிக்காது" என்றார் அப்பா. நான் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள், "ஆனா வாசிக்கிறேன்" என்றார்.

என் அப்பா குடியை விட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் அவர் குடிக்காத நாள் எனக்கு நினைவில்லை. அம்மாவுக்குக் கிடைத்தது கடைசி இரண்டு வருடம்தான். அந்த மனிதரை ஒரு வைனரியின் நடுவில் நிற்கவைக்கிறார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

சாக்ஸபோன் வைக்கவும், இடைவேளையில் உட்காரவும் அப்பாவுக்குப் பழைய ஆபீஸ் அறையைக் கொடுக்கச் சொல்கிறார் முதலாளி. வேண்டாம் என்றேன். ஏன் என்றார். தூசி என்றேன். துடைத்தால் போகிறது என்றார். வாக்குவாதம் செய்ய எனக்குத் தெம்பில்லை.

இனி வியாழன் தோறும் ஒத்திகைக்கும் வருவாராம்.

டிசம்பர் 6, சனி

காலை ருசி: சிவப்பு நன்றாக இருந்தது. வெள்ளையில் சந்தேகம், மறுபடி பார்க்க வேண்டியிருந்தது.

கவுண்டரில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். பெரியவருக்கு எலுமிச்சை ஜூஸ், மோர், தண்ணீர். வேறெதுவும் அவர் பக்கம் போகக்கூடாது. காலிக் கோப்பைகூட அவர் மேஜையில் இருக்கக்கூடாது. பேக்கிங் பார்க்கும் முனிரத்னா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல மேடம்" என்றாள்.

அப்பா அவருடைய கல்யாண கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். முதல் பாட்டை வாசிக்கும்போது இரண்டு இடத்தில் காற்று விசிலடித்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மூன்றாவது பாட்டுக்கு மேல் அது வேறு விஷயம். மென்பொருள் கம்பெனிப் பிள்ளைகள் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். ஒரு வயதான தம்பதி எழுந்து ஆடினார்கள். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று அவர் கைகளை மட்டும் கவனித்தேன். நடுக்கம் இருக்கிறதா என்று. இல்லை.

இடைவேளையில் அவர் டம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்தேன்.

"மோருதாம்மா" என்றார்.

"தெரியும் டாடி. புளிச்சிருக்கான்னு பார்த்தேன்."

அவர் போன பிறகு அரை கிளாஸ் எடுத்துக்கொண்டேன். அந்த மூன்று மணி நேரத்துக்கு யாராக இருந்தாலும் எடுத்திருப்பார்கள்.

டிசம்பர் 9, செவ்வாய்

தலைவலி. வெயில் அதிகம்.

டிசம்பர் 11, வியாழன்

வக்கீல் கடிதம் வந்தது. என் கணவர் ஸ்டான்லி மார்ச்சில் துபாய் போனதிலிருந்து என்னோடு வக்கீல் மூலமாகத்தான் பேசுகிறார். இருபது வருடம் ஒரே சோப்பை உபயோகித்தவர்களுக்கு நடுவில் 'மேற்படியாள்' என்றொரு வார்த்தை. இதைப் பற்றி எழுதப்போவதில்லை.

அப்பா ஒத்திகைக்கு வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். "என்ன சாப்ட்ட?" இது என்ன போலீஸ் விசாரணையா? கேக் நூறு வரவேண்டிய இடத்தில் அறுபது வந்திருக்கிறது, ஒலிபெருக்கி இரைகிறது, இவருக்கு நான் என்ன சாப்பிட்டேன் என்று தெரியவேண்டும். சத்தம் போட்டுவிட்டேன். அவர் போய் அந்த அறையில் உட்கார்ந்துகொண்டார். வாசிக்கிற சத்தமே வெகுநேரம் கேட்கவில்லை.

மதியம் மறுபடி ருசி பார்க்க வேண்டியிருந்தது. காலையில் திறந்தது மதியத்துக்கு மாறியிருக்கக்கூடும்.

டிசம்பர் 13, சனி

இன்று நான் பயந்தது நடந்தது. விருந்தினர் ஒருவர், நல்ல மனிதர்தான், பாட்டு முடிந்ததும் ஒரு முழு கிளாஸ் சிவப்பைக் கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டினார். "அங்கிள், எங்க சார்பா." நான் புல்வெளியின் மறுகோடியில் இருந்தேன். ஓடினேன். ஓடும்போது ஒரு நாற்காலியில் இடித்து ஒரு டிரே கண்ணாடியை உடைத்துவிட்டேன்.

அப்பா கிளாஸை இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொல்லி, பக்கத்திலிருந்த ஒரு பெண்மணியிடம் கொடுத்துவிட்டார். "நான் என் பங்கைக் குடிச்சு முடிச்சிட்டேன் தம்பி. அளவுக்கு மேலேயே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து என் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கினார். "நீ உக்காரு ஜெசி. கால் நிலையா இல்ல" என்றார்.

புது செருப்பு என்று சொன்னேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

கடவுளே. பரிசுப் பெட்டிகளில் இரண்டு வகை. வைன் உள்ளது கம்பெனிகளுக்கு. கேக்கும் மெழுகுவர்த்தியும் மட்டும் உள்ளது மற்றவர்களுக்கு. ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை, கன்னிகாஸ்திரி, குழந்தைகள் முன்னிலையில் மேடையில் பெட்டியைத் திறந்திருக்கிறார். உள்ளே இரண்டு பாட்டில். அவர் போனில் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மிகவும் மெதுவாகப் பேசினார்.

முனிரத்னாவைக் கூப்பிட்டு எல்லார் முன்னிலையிலும் கேட்டேன், கண் இருக்கிறதா என்று. அழுதாள்.

"மேடம், டேக் எழுதினது நீங்க. நான் நூல் மட்டும்தான் கட்டினேன்."

டேக்குகளை எடுத்துப் பார்த்தேன். என் எழுத்துதான். கொஞ்சம் கோணலாக இருந்தது. அவசரத்தில் எழுதினால் யாருக்கும் அப்படித்தான் வரும். ஆனாலும் கட்டுகிறவள் படித்துப் பார்க்க வேண்டாமா?

டிசம்பர் 18, வியாழன்

முனிரத்னா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்து சொன்னாள், பெட்டிகளுக்காக ஒதுக்கிய சிவப்பில் ஐந்து பாட்டில் காணோம் என்று. முதலாளிக்கும் சொல்லிவிட்டாளாம். எனக்கு முன்னால் அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

பேக்கிங் அறைக்கு அடுத்தது பழைய ஆபீஸ் அறை. நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவுக்குப் பூட்டு கிடையாது. அப்பா இன்று போகும்போது சாக்ஸபோன் பெட்டியை எப்போதும் போல் தோளில் மாட்டாமல், ஒரு குழந்தையை அணைத்துக்கொள்வது போல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போனார்.

பதினோரு வருடம். எனக்கு எழுதவே பயமாக இருக்கிறது.

டிசம்பர் 20, சனி

எழுதிவிடுகிறேன்.

நிகழ்ச்சி முடிந்து அப்பா கிளம்பினார். நான் கேட்டருகே போய் வழியை மறித்தேன். முதலாளி மரத்தடியில் இருந்தார். முனிரத்னா வேனுக்காகக் காத்திருந்தாள். "பெட்டியத் திறங்க டாடி" என்றேன்.

"வீட்டுக்குப் போய் பேசிக்கலாம்மா."

"இங்கேயே திறங்க."

அவர் திறக்கவில்லை. நான் பிடுங்கித் திறந்தேன். சாக்ஸபோனுக்குப் பக்கத்தில் துண்டில் சுற்றி இரண்டு பாட்டில்கள். எங்கள் சிவப்பு. காலி.

நான் என்ன பேசினேன் என்று முழுதாக எழுத முடியாது. செத்துப்போன அம்மாவைப் பேச்சில் இழுத்தேன். பல் செட்டுக்குக் காசு கொடுத்தது நான் என்று சொன்னேன். முதலாளியின் எதிரில், வேன் டிரைவரின் எதிரில். அப்பா தலையைக் குனிந்து நின்றார். ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"நீங்கதான் எடுத்தீங்களா சாமி?" என்று முதலாளி கேட்டார்.

"ஆமாங்க" என்றார் அப்பா.

"அப்ப இனிமே வர வேண்டாம். மனசு கஷ்டமா இருக்கு எனக்கு."

"சரிங்க."

பெட்டியை மூடி, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

டிசம்பர் 21, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. அப்பா வீட்டுக்கும் போகவில்லை.

டிசம்பர் 22, திங்கள்

அவர் மேல் வாசனை வரவில்லை.

சனிக்கிழமையிலிருந்து இதுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் முகத்துக்கு நேராக ஒரு சாண் தூரத்தில் நின்று கத்தினேன். என் சின்ன வயது முழுக்க அந்த வாசனையோடுதான் கழிந்தது. எனக்குத் தெரியாமல் போகாது. அவர் மேல் யூகலிப்டஸ் தைலம் மட்டும்தான் மணத்தது.

காலையில் பழைய ஆபீஸ் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். டைரிக் கட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். கட்டுகளுக்குப் பின்னால், சுவரோரம், ஒரு வரிசைக் காலிப் பாட்டில்கள் இருந்திருக்க வேண்டும். இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், வைத்தது நான்.

ஒன்றுகூட இல்லை. தரையைத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இரண்டிரண்டாக அந்தப் பெட்டியில் வைத்து, மூன்று பஸ் மாறி, எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார். வேறு யார் கண்ணிலும் படுவதற்கு முன்னால்.

அந்த ஐந்து பாட்டிலையும் எடுத்தது நான். ருசி பார்க்க அல்ல. இதை இந்த டைரியில் முதல் நாளே எழுதியிருக்கலாம். யாரும் படிக்கப்போவதில்லை. இதில்கூட நான் பொய்தான் எழுதியிருக்கிறேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

முதலில் முனிரத்னாவிடம் போனேன். டேக் மாறியதற்கு மன்னிப்புக் கேட்டேன். பாட்டில் எடுத்தது நான் என்றேன்.

"தெரியும் மேடம்" என்றாள், நூலைக் கத்தரித்துக்கொண்டே. "எல்லாருக்கும் தெரியும்."

"பின்னே ஏன் சார்கிட்ட பாட்டில் குறையுதுன்னு மட்டும் சொன்னே?"

"எடுத்தது யாருன்னு என் வாயால எப்படி மேடம் சொல்றது? நீங்களே சொல்வீங்கன்னு பார்த்தேன். பெரியவர் தலையில போய் விழும்னு நினைக்கல." நூல்கண்டைக் கீழே வைத்தாள். "அவர் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு மிட்டாய் குடுப்பார்."

பிறகு வேப்பமரத்தடி. முதலாளி நாளை மலைக்குக் கிளம்புகிறார். இருமுடிக்குத் தேங்காய் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அவர் போன் சரணம் பாடியது. மூன்றாம் தடவை நானே போனை எடுத்து அணைத்துவிட்டேன்.

சொன்னேன். தேங்காய் அவர் கையிலேயே இருந்தது.

"நான்தானே உங்களை ருசி பாக்கச் சொன்னேன்" என்றார் கடைசியில். "என் விரதத்துக்கு உங்களைக் குடிக்க வச்சிருக்கேன். இந்தப் பாவம் எனக்குத்தான்."

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவரே எனக்கு ஒரு காரணத்தைத் தட்டில் வைத்து நீட்டினார். எடுத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது.

"நீங்க ஒரு மிடறு பாக்கச் சொன்னீங்க சாமி. அவ்வளவுதான் சொன்னீங்க" என்றேன்.

ஸ்டோர் சாவிக்காகக் கையை நீட்டினார். கொடுத்தேன். வேலை போய்விட்டதா என்று நான் கேட்பதற்குள் அவராகவே சொன்னார்: "பொங்கல் வரைக்கும் வராதீங்க. அதுக்கப்புறம் வந்தா திராட்சைத் தோட்டத்துல வேலை இருக்கு. உள்ள கிடையாது." பிறகு டிரைவரைக் கூப்பிட்டார். "லிங்கராஜபுரம் போகணும்."

டிசம்பர் 25, வியாழன்

மதியம்தான் அப்பா வீட்டுக்குப் போகத் தைரியம் வந்தது. அப்பா கறி கிளறிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்து, "வா, உப்பு பாரு" என்றார். அவ்வளவுதான் வரவேற்பு.

"உன் முதலாளி செவ்வாக்கிழமை வந்தார்" என்றார். "வெறுங்காலோட தெருவுல நின்னு, பட்டுனு என் கால்ல விழுந்துட்டார். நான் குனிஞ்சு தூக்கப் போயி பல் செட்டு கழண்டு அவர் முதுகுல விழுந்துச்சு. எதிர்வீட்டு மேரி இன்னும் சிரிச்சிட்டிருக்கா."

நான் சிரிக்கப் பார்த்தேன், அழுகை வந்துவிட்டது. அவர் அடுப்பைத் தணித்தார்.

"ஏன் டாடி ஒத்துக்கிட்டீங்க? நீங்க எடுக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அடுத்த கேள்வி உன்கிட்டல்ல வரும்."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"கல்லறைத் திருநாள் அன்னைக்கு" என்றார். "அம்மா கல்லறையில ரெண்டு பேரும் குனிஞ்சு மெழுகுவர்த்தி ஏத்தினோமே. அப்ப வந்துச்சு. எனக்குத் தெரியாத வாசனையா?"

கல்லறைத் திருநாள் நவம்பர் இரண்டு. முதலாளி மாலை போட்டது அதற்கு இரண்டு வாரம் கழித்து. ருசி பார்க்கும் வேலை எனக்கு வந்தது அதற்கப்புறம்தான். நான் கணக்குப் போடுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"என்கிட்ட உங்கம்மா எத்தனை தடவை கேட்டா? ஒரு தடவையாவது உண்மை சொன்னேனா? கேட்டா நீ பொய் சொல்லுவே. அப்புறம் அந்தப் பொய்யைக் காப்பாத்த இங்க வர்றதையே நிறுத்திடுவே. நான் அப்படித்தான் செஞ்சேன்." கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "பக்கத்துல இருக்கணும்னு தோணுச்சு. மாத்திரையைச் சாக்கா வச்சு வந்தேன். உன் முதலாளி வாசிக்கக் கூப்பிட்டார். அந்த வாசனை நடுவுல நிக்கிறது எனக்கு லேசா இருந்துச்சுன்னு நினைக்காதே. ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டுக்கு வந்து ஜெபமாலையைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்."

நான் அவரைக் கண்காணித்துக்கொண்டிருந்தேன். தூணுக்குப் பக்கத்தில் நின்று, அவர் கை நடுங்குகிறதா என்று.

என்னால் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. உப்பு குறைச்சல் என்றேன். போட்டார்.

டிசம்பர் 27, சனி

அப்பா வீட்டில் மூன்றாம் நாள். குடிக்காமல் மூன்றாம் நாள். வேர்க்கிறது, குமட்டுகிறது, எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. டாக்டர் கொடுத்த மாத்திரையை அப்பா கணக்குப் பார்த்துக் கையில் வைக்கிறார், நான் விழுங்கும்வரை நகர்வதில்லை. காலை ஐந்தரைக்கு எழுப்பி நடக்கக் கூட்டிப்போகிறார். வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் நின்று பேசுகிறார். டீயில் சர்க்கரை மூன்று ஸ்பூன். கேட்டால், உடம்பு கேட்கும் என்கிறார். எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல் இருக்கிறது.

வைனரியில் இன்று கடைசி சனிக்கிழமை. முனிரத்னா போன் செய்தாள். யாரோ ஒரு கிடார்காரர் வந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரே பாட்டை அரை மணி நேரம் பாடினாராம். "அந்தப் பெரியவர் எங்கேன்னு நாலு பேர் கேட்டாங்க மேடம்." போனை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

டிசம்பர் 29, திங்கள்

தூங்கினேன். ஆறு மணி நேரம்.

டிசம்பர் 31, புதன்

மாதா கோயில் ஹாலில் புதன்கிழமை தோறும் குடியை விட்டவர்கள் கூடுகிறார்கள். அப்பா பதினோரு வருடமாகப் போகிற கூட்டம். இன்று வருடக் கடைசி, நிச்சயம் லீவு விட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். "இன்னைக்குத்தான் முக்கியம்" என்கிறார். உலகமே புத்தாண்டுக்குப் பாட்டில் வாங்க வரிசையில் நிற்கும்போது நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என் பெயரைச் சொல்ல வேண்டுமாம். பேசாமல் இருந்தால்கூடப் போதும், யாரும் வற்புறுத்த மாட்டார்கள் என்கிறார். அவரைப் பற்றி எனக்குத் தெரியும். அத்தனை பேருக்கும் என்னை அறிமுகப்படுத்தி வைத்துவிட்டுத்தான் உட்காருவார்.

கூட்டம் ஏழு மணிக்கு. மணி இப்போது ஐந்தரை. அதற்குள் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நிற்கிறார். நிமிடத்துக்கு ஒரு தரம் உள்ளே எட்டிப்பார்த்து, "எழுதி முடிச்சாச்சா?" என்கிறார். ஐந்து நிமிட நடை தூரம். ஒன்றரை மணி நேரம் முன்னால் போய் என்ன செய்வது என்று கேட்டேன்.

"நாற்காலி போடலாம்" என்றார்.

நான் வரமாட்டேன் என்று இன்னும் பயப்படுகிறார் போலிருக்கிறது. வர்றேன் என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டேன்.